பம்மலிலிருந்து தாம்பரத்துக்குக் கைதட்டப் போன கதை

எங்கள் தெருவில் இப்போது யாரைப் பார்த்தாலும் வெளிநாடு போய்விட்டு வருகிறார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பதில்லை. தெரு நலச் சங்கத்தின் பொங்கல் மலரில் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் ரோடு கண்ணாடி மாதிரி இருந்ததாம். குவைத்தில் வெயில் அடித்ததாம். வெயிலைப் பார்க்க விமானம் ஏற வேண்டுமா, பம்மலில் வாசலில் நின்றால் போதாதா என்று கேட்டேன். "நீங்களும் எழுதுங்க ஆயா. ஆமா, நீங்க எந்த நாட்டுக்குப் போனீங்க?" என்று மலர் ஆசிரியர் சிரித்தார்.

நான் தாம்பரம் போனேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நான்கு நாள் பயணம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும், அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

வியாழக்கிழமை காலை டேனரிக்கு எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அப்போது நான் தோல் பதனிடும் அந்த டேனரியில் கழிவுத் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். கார்டு போட்டவர் மெல்வின் துரை. ரயில்வேயில் கரி எஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவர், தாம்பரம் ரயில்வே காலனி பக்கம் வீடு, சட்டைக்காரர். ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், என்னவோ நாங்கள் எல்லாம் வெற்றுடம்போடு திரிவது போல.

அவர் வாசிப்பது ஜாஸ் சங்கீதம். வாத்தியம் டெனர் சாக்ஸபோன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். குழாயடிப் பைப்பை யாரோ கோபத்தில் வளைத்துவிட்டு, அப்புறம் மனம் கேட்காமல் அதற்கு நிறையப் பொத்தான் வைத்தது போல இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் காற்று ஒழுகாமல் மூட வட்டமாக ஒரு தோல் உண்டு. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும். ஆட்டுக்குட்டித் தோலில் அந்த மாதிரிக் கழிவு எந்த மூட்டையில் கிடக்கும் என்பது பம்மலில் எனக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருஷமாக அவருக்குத் தோல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கார்டில் "அர்ஜென்ட், ஞாயிறு ரிக்கார்டிங்" என்று இருந்தது. தோலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். டேனரிப் பையோடு ஏறினால் பஸ்ஸில் எனக்கு மட்டும் எப்போதும் சீட் கிடைக்கும். பக்கத்தில் இருந்தவள் மூக்கை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இன்னாம்மா பையில? எலி செத்துப் பூட்ச்சா?"

"இல்ல கண்ணு, சென்ட்டு. சிங்கப்பூர்லேர்ந்து வந்துகீது. தடவட்டா?"

அவள் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள். பல்லாவரத்தில் ரயில் பிடித்தேன். அந்த ரயில் சானடோரியத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்று இயற்கைக் காட்சி காட்டியது. ஒரு எருமை, ஒரு சிக்னல். சிக்னல்தான் அசையாமல் இருந்தது.

மெல்வின் துரை வீட்டில் அவர் அக்கா டோரத்தி அம்மா சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் சோறு, கறி உருண்டைக் குழம்பு. பிறகு ஒரு கிண்ணத்தில் "பெப்பர் வாட்டர்" வந்தது. குடித்துப் பார்த்தால் நம் ரசம். இங்கிலீஷ் பேர் வைத்ததும் ஸ்பூனால்தான் சாப்பிடுவேன் என்கிறது. நான் கையால் பிசைந்து சாப்பிட்டேன். அதற்கப்புறம்தான் அது ரசமாக நடந்துகொண்டது.

தோலை ஒட்டிக்கொண்டே துரை விஷயத்தைச் சொன்னார்.

"பட்டம்மா, பம்பாய் கம்பெனிக்காரன் லெட்டர் போட்டுகீறான். என் பேர்ல கேசட் போடறானாம்."

"போடட்டுமே தொரை. அம்பது வருஷமா ஊதறீங்க."

"அம்பது வருஷமா ஊதறேன், என் பேரு போட்ட ஒரு ரிக்கார்டு இல்ல. ஆனா ஸ்டுடியோல ஊதினா வேணாமாம். லைவ் வேணுமாம். ஆளுங்க முன்னாடி ஊதணும், கைதட்டு கேக்கணும்."

"கூப்புடுங்க உங்க ஆளுங்கள."

"எங்கே கூப்புடறது? எல்லாம் ஆஸ்திரேலியா போய்ட்டாங்க. காலனில பதினோரு பேர்தான் பாக்கி."

டோரத்தி அம்மா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் அக்காமார்கள் பேசுவது எந்த பாஷையிலும் புரியும். 'அதில் நாலு பேருக்குக் காது கேட்காது, மற்ற ஏழு பேருக்கு இவனைப் பிடிக்காது.'

இன்னொரு சங்கடமும் இருந்தது. கரி எஞ்சின் புகையை ஆயுசுக்கும் குடித்ததில் துரையின் நெஞ்சு கெட்டுவிட்டது. இந்த மாதத்தோடு குழாயைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பாட்டு ஊதினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. கேசட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எட்டுப் பாட்டு வேண்டும். கோடம்பாக்கத்திலிருந்து ரிக்கார்டிங் மெஷின்காரர் சிநேகத்துக்காக வருகிறார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும். திங்கட்கிழமை டேப் பம்பாய்க்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

"ஆளுதான வோணும்? எத்தினி பேரு?"

"எண்பது பேர் இருந்தா ஹால் ரொம்பும்."

"சங்கீதம் தெரிஞ்ச ஆளா, கை இருந்தா போதுமா?"

துரை தோலை முகர்ந்து பார்த்துவிட்டு, "கை போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பம்மலில் ஆள் பிடித்தேன். அங்கே இரண்டு தலைவர்கள். நற்பணி மன்றம் முருகேசன், வாலிபர் சங்கம் தங்கராஜ். வாலிபர் சங்கத் தலைவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஒருவர் டீ குடித்த கடையில் மற்றவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். முதலில் முருகேசனிடம் போனேன்.

"உன் கைதட்டு ரிக்கார்டுல ஏறி பம்பாய்க்குப் போவுது, வரியா?"

"பேரு வருமா ஆயா?"

"கைதட்டுக்கு இன்னாடா பேரு? கையி வரும்."

"தங்கராஜ் வரானா?"

"அவன எவன் கூப்ட்டான்?"

அங்கிருந்து நேராகத் தங்கராஜிடம் போய், முருகேசன் நாற்பது பேரோடு வருகிறான் என்று மட்டும் சொன்னேன். மீதி நாற்பது பேர் தயார்.

வண்டிக்குக் கரீம் பாயிடம் போனேன். டேனரிக்குத் தோல் ஏற்றுகிற லாரி அவருடையது. "இன்னா கச்சேரி அது, பாட்டுல இன்னா சொல்வாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க பாய். வார்த்தையே கெடையாது. வெறும் ஊதல்தான்."

"வார்த்தை இல்லியா? அப்ப சண்டை வராது. எடுத்துகினு போ. நானும் வரேன்."

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் திடலில் கைதட்டப் பயிற்சி. டோரத்தி அம்மா எனக்கு விவரம் சொல்லியிருந்தார். ஜாஸில் ஒருவர் தனியாகக் கொஞ்ச நேரம் வாசிப்பார், முடித்ததும் பாட்டு நடுவிலேயே கைதட்ட வேண்டும். யாரும் நம்பவில்லை.

"நடுவுல தட்னா பெரியவரு கோச்சுக்க மாட்டாரா ஆயா?"

"முடிச்சிட்டார்னு எப்பிடித் தெரியும்?"

"எனக்கே தெரியாது. நான் முந்தானையத் தூக்கறேன், அப்ப தட்டுங்க."

நாலு தடவை தூக்கிக் காட்டினேன். அருமையாகத் தட்டினார்கள். பம்மலில் அவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

ஞாயிறு மத்தியானம் லாரி கிளம்பியது. முன்பாதியில் நற்பணி மன்றம், பின்பாதியில் வாலிபர் சங்கம், நடுவில் எல்லைக்கோடாகப் பெண்கள். குரோம்பேட்டையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. டீக்கடையில் தண்ணீர் கேட்டோம். கடைக்காரர் லாரியின் வாசனையைப் பிடித்துவிட்டு, குடத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் போங்கள் என்றார். அந்த ஊர்க்காரர்கள் நல்ல உபசாரிகள். கேட்டதற்கு மேலேயே கொடுக்கிறார்கள், போகச் சொல்லி.

கச்சேரி நடந்தது ரயில்வேக்காரர்கள் ஒரு காலத்தில் டான்ஸ் ஆடிய பழைய ஹாலில். மரத்தரை பளபளவென்று இருந்தது. எங்கள் ஆட்கள் அதைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். நூற்றறுபது செருப்பு. உள்ளே நாற்காலி வரிசை வரிசையாகக் காத்திருக்க, எல்லோரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பதினோரு சட்டைக்காரர்கள் மட்டும் நாற்காலியில் இருந்தார்கள். அவர்களுடைய கைக்குட்டைகள் எல்லாம் மூக்கில் இருந்தன. நாட்டுக்கு நாடு மரியாதை வேறு.

துரை கோட்டு சூட்டில் மேடைக்கு வந்தார். பின்னால் டிரம்ஸ்காரர், பெரிய பிடிலை நிற்க வைத்து வாசிக்கும் ஒருவர். ஓரத்தில் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு மெஷின்காரர். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

முதல் பாட்டுக்கு எங்கள் கூட்டம் மூச்சுக்கூட விடவில்லை. பெரியவர் வாசிக்கும்போது அசைந்தால் தப்பு என்று கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். துரை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். இழவு வீட்டில் வாசிப்பது போல அவருக்கு இருந்திருக்கும். நான் முந்தானையைத் தூக்கினேன். ஹால் இடிந்தது. மெஷின்காரர் காது மூடியைப் பிடுங்கி எறிந்தார்.

இரண்டாவது பாட்டு வேகமானது. ஹாலில் விசிறி ஓடவில்லை, ஓடினால் டேப்பில் கேட்குமாம். எனக்கு வேர்த்துக் கொட்டியது. மறந்துபோய் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். எண்பது பேரும் தட்டினார்கள். கழுத்தைத் துடைத்தேன். தட்டினார்கள். டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். துரையும் எதற்குக் கைதட்டல் என்று புரியாமல், வந்ததை விடுவானேன் என்று இன்னும் மேலே ஏறி ஊதினார். பாட்டு நன்றாகத்தான் போயிற்று. ஆனால் வேர்வையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவது பாட்டு முடியும்போது அவர் உதடு நீலமாகிவிட்டது. நான்காவது மெதுவான பாட்டு. அதில் ஒரு சத்தத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டே போக வேண்டும். நீட்டினார், அது நடுவில் விரிந்து உடைந்தது. திரும்பப் பிடித்தார், திரும்ப உடைந்தது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி தெரிந்தது. டோரத்தி அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டார். மெஷின்காரர் பிடில்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டோரத்தி அம்மா அப்புறம் எனக்குச் சொன்ன அர்த்தம் இது: 'பெரியவருக்கு முடியவில்லை. பாதி டேப்கூட ஓடவில்லை. நிறுத்திவிடலாம்.'

அப்போதுதான் நற்பணி மன்றம் முருகேசன் மேடை ஏறினான்.

எங்கள் ஊரில் ஒருவரை மேடையில் பார்த்தால் சும்மா விட முடியாது. துண்டு போர்த்தியாக வேண்டும். அவர் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. முருகேசன் இதற்கென்றே ஒரு புதுத் துண்டை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்திருக்கிறான். கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தவர் கழுத்தில் போட்டான். பாதி அவர் மேல், பாதி குழாய் மேல். மைக்கைத் தன் பக்கம் திருப்பினான்.

"பம்மல் நற்பணி மன்றத்தின் சார்பாகவும், என் சார்பாகவும், வாத்திய மாமேதை, ரயில்வே வேங்கை, அண்ணன் மெல்வின் அவர்களுக்கு..."

மெஷின்காரர் கழுத்தை அறுப்பது போல் கையை ஆட்டினார். முருகேசன் அதை வாழ்த்து என்று நினைத்துக் கும்பிட்டான். டிரம்ஸ்காரர் மட்டும் நிறுத்தவில்லை. குச்சியை வைத்துவிட்டு, துடைப்பம் மாதிரி ஒன்றை எடுத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிடிலும் கூடவே போனது.

நான் துரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். டோரத்தி அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். முருகேசன் தன் மன்றத்தின் தண்ணீர்ப் பந்தல் சேவைகளை விவரித்து முடிப்பதற்குள் உதட்டில் நிறம் திரும்பிவிட்டது. அவன் இறங்கியதும் எழுந்து, உடைந்த இடத்திலிருந்து அதே சத்தத்தைப் பிடித்தார். இந்தத் தடவை அது உடையவில்லை. நீண்டது, நீண்டது, எதிர்ச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நான் முந்தானையைத் தூக்கவே இல்லை. அவர்களாகவே தட்டினார்கள்.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஐந்தாவது பாட்டில் துரையின் தோள் ஏறி இறங்க ஆரம்பித்ததும் நகர்ந்து போய்த் தங்கராஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நற்பணி மன்றம் துண்டு போட்டாச்சி. வாலிபர் சங்கம் வேடிக்கை பாத்துகினு கீது."

"துண்டு எடுத்தாரல ஆயா."

"தோள்ல கெடக்கறது இன்னா, ரயில் தண்டவாளமா?"

தங்கராஜ் பாய்ந்தான். தன் சொந்தத் துண்டைப் போர்த்தினான். முருகேசனை விட ஒரு வார்த்தையாவது அதிகம் பேச வேண்டும் என்று சங்கத்தின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கினான். துரை வாயைத் திறந்து திறந்து காற்று வாங்கினார். ஆறாவது பாட்டில் கரீம் பாயைத் தூண்டினேன். அவர் கூச்சக்காரர், "ரொம்ப சந்தோசம்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தார். "லாரியப் பத்திச் சொல்லுங்க பாய்" என்று கீழேயிருந்து கத்தினேன். லாரி என்றதும் மனிதர் மலர்ந்துவிட்டார். ஏழாவதுக்கு லாரி கிளீனர். அவன் போர்த்திய துணி கிரீஸ் துடைக்கிறது. வெள்ளைக் கோட்டில் கருப்புக் கோடு விழுந்தது. துரை அதையும் வாங்கிக்கொண்டு தலை குனிந்தார். அவருக்கும் இதற்குள் புரிந்துவிட்டது. மெஷின்காரரைப் பார்த்து, ஓடட்டும் என்று ஜாடை காட்டினார்.

எட்டாவது, கடைசி. பாதியில் நின்றுவிட்டார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினார். துண்டு போட ஆளும் இல்லை, துண்டும் இல்லை. நானே ஏறினேன்.

மைக் முன்னால் நின்றேன். எண்பது பேரைக் கேலி பேசிப் பழகியவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. டிரம்ஸ்காரர் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எழும்பூர்."

தேய்ப்பு நடந்தது.

"சேத்துப்பட்டு. நுங்கம்பாக்கம். கோடம்பாக்கம். மாம்பலம்."

டிரம்ஸ்காரருக்குப் பிடிபட்டுவிட்டது. தடக் தடக் என்று வண்டி ஓட ஆரம்பித்தது. சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை. கூட்டம் கூடவே சொல்லியது. பழவந்தாங்கல் தாண்டி மீனம்பாக்கம் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவருக்கு இன்னும் இரைத்தது. வண்டியைத் திரும்ப மாம்பலத்துக்கு விட்டேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, அந்தப் பாதையில் தினமும் போகிறவர்கள்தானே. மறுபடியும் கிண்டி, பரங்கிமலை. பல்லாவரத்தில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. குரோம்பேட்டையில் எழுந்துவிட்டார். சானடோரியத்தில் குழாய் வாய்க்குப் போனது.

"தாம்பரம்" என்று எண்பது பேரும் கத்தியபோது அவர் உள்ளே வந்தார். அவர் ஓட்டிய கரி எஞ்சினை நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

திங்கட்கிழமை டேப் பம்பாய்க்குப் போனது. துரை குழாயைப் பெட்டியில் வைத்து மூடினார், டாக்டர் சொன்னபடி.

ஆறேழு மாதம் கழித்து கேசட் வந்தது. அட்டையில் அவர் பேர், கோட்டோடு அவர் படம். டோரத்தி அம்மா ஒன்றை எனக்குக் கொடுத்தார். அட்டையின் பின்பக்கம் பம்பாயில் ஒரு சங்கீத மேதாவி எழுதியிருந்ததைப் படித்து அர்த்தமும் சொன்னார். எழுபத்திரண்டு வயதில் எட்டுப் பாட்டையும் தொய்வே இல்லாமல், இளைஞன் போன்ற மூச்சோடு வாசித்திருக்கிறாராம். இந்த வயதில் இத்தனை மூச்சு எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு அதிசயமாக இருக்கிறதாம்.

பம்மல் டீக்கடையில் போட்டுக் கேட்டோம். முருகேசனும் தங்கராஜும் ஒரே கடையில் நின்றது அன்றைக்குத்தான். கைதட்டல் எல்லாம் இருந்தது, நான் முகம் துடைத்ததுகூட இருந்தது. பேச்சு ஒன்றுகூட இல்லை. கம்பெனிக்காரன் பிளேடு வைத்து எல்லாவற்றையும் வெட்டி, முன்னும் பின்னும் ஒட்டிவிட்டான்.

"வேங்கைன்னு சொன்னேனே, அத்த எடுத்துட்டானே" என்றான் முருகேசன்.

"சங்க வரலாறே பூட்ச்சி" என்றான் தங்கராஜ்.

"சும்மா கேளுங்கடா" என்றேன்.

மெதுவான பாட்டு வந்தது. அந்தச் சத்தம் நீண்டு, விரிந்து, உடையப் போகிற இடத்துக்கு வந்தது. முருகேசன் என் கையைப் பிடித்தான்.

"இங்க ஆயா. இங்கதான் நானு."

ஒன்றும் கேட்கவில்லை. குழாய் மட்டும், அப்போதுதான் தண்ணீர் குடித்து எழுந்தவர் மாதிரி, புது மூச்சோடு மேலே போனது.